ஓய்வுக்காலத்தில் ஆர்வி இழுக்க: பெட்ரோல் வி8 போதுமா, டீசலுக்குப் போகணுமா?

பாலைவனக்கிளி | 2025 அக்டோபர் 4, காலை 9.10

ஃபீனிக்ஸ். ரெண்டு பேர். டிசம்பரில் வேலையிலிருந்து ஓய்வு. பார்த்து வைத்திருப்பது 28 அடி டிராவல் டிரெய்லர் (டிரக்கின் கொக்கியில் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு), ஜிவிடபிள்யூஆர் (சாமானோடு மொத்தமாக அனுமதிக்கப்பட்ட எடை) 8,500 பவுண்டு. ஆண்டுக்கு இழுத்துக்கொண்டு 5,000 மைல், வெறும் வண்டியாக 6,000 மைல் என்று திட்டம். கோடையில் கொலராடோ, யூட்டா.

டீலர் சொல்வது: அரை டன் ரக (எஃப்-150 மாதிரி) டிரக்கே 11,000 பவுண்டு இழுக்கும், தாராளம். தெரிந்தவர்கள் சொல்வது: டீசல் இல்லாமல் மலைப்பக்கம் போகாதே. என் எண்ணம் நடுவில். குதிரைத்திறன் அதிகமாக உள்ள ஒரு பெட்ரோல் வி8 வாங்கினால் முடிந்தது. சரியா?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 4, காலை 11.32

பாதி சரி. குதிரைத்திறனைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணைவிட அதுதான் முதலில் தீர்ந்துபோகும்.

உங்கள் டிரெய்லருக்கே போடலாம். டிராவல் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கியில் உட்காரும். 13 என்று வையுங்கள்.

8,500-ல் 13 சதவீதம்: 1,105
எடை பகிர்வு ஹிட்ச் (கொக்கி எடையைக் கம்பிகளால் முன் அச்சுக்கும் டிரெய்லருக்கும் பரப்பும் இணைப்பு): 100
இருவர்: 320
பின்தட்டில் கருவிப்பெட்டி, நாற்காலி, சின்ன ஜெனரேட்டர்: 250
மொத்தம்: 1,775 பவுண்டு

நல்ல வசதிகளோடு வரும் அரை டன் டிரக்கின் ஸ்டிக்கரில் 1,400 முதல் 1,900 வரைதான் இருக்கும். சன்ரூஃப், மின்சாரப் படி, தோல் இருக்கை என்று ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தின்னும். ஒரே மாடலில் இரண்டு வண்டிக்கு 400 பவுண்டு வித்தியாசம் வருவது சாதாரணம். அதனால் இணையதளத்தில் போட்டிருக்கும் எண் வேண்டாம், வாங்கப்போகும் அந்த வண்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

டிரெய்லரின் ‘உலர் எடை’யையும் மறந்துவிடுங்கள். தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிரம்பினால் 334. அதோடு 20 பவுண்டு அரிசி மூட்டை ரெண்டு, கிரைண்டர், குக்கர் மூன்று. நம்மவர்கள் டிரெய்லர் ஒன்றுகூட உலர் எடையில் ஓடியதில்லை.

மெக்கானிக்_மாமா | அக்டோபர் 4, மதியம் 2.05

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று. ஹிட்ச் ரிசீவரில் (டிரக்கின் பின்னால் கொக்கியைச் செருகும் குழாய்) தனியாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எஃப்-150 மாதிரி அரை டன்களில் எடை பகிர்வு ஹிட்ச் இல்லாமல் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு கொக்கி எடை, அவ்வளவுதான். டீலர் சொன்ன 11,000 எல்லாம் பகிர்வு ஹிட்ச் மாட்டினால்தான். அதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

முக்கால் டன் (எஃப்-250, ஜிஎம் 2500 ரகம்), ஒரு டன் (எஃப்-350 ரகம்) பக்கம் வந்துவிட்டால் பெட்ரோலில் மூன்று எஞ்சின்தான் முக்கியப் பேச்சு.

ஃபோர்டு 7.3: 430 குதிரைத்திறன், 485 பவுண்டு-அடி முறுக்கு (2022 மாடல் வரை 475). 2020 மாடலில் வந்தது. இரும்பு பிளாக், புஷ்ராடு, போர்ட் இன்ஜெக்‌ஷன். சிலிண்டரை அணைத்து எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வேலை எதுவும் கிடையாது.

ஜிஎம் 6.6 (எல்8டி): 401, 464. அதுவும் 2020. இரும்பு பிளாக், நேரடி இன்ஜெக்‌ஷன். இதிலும் சிலிண்டர் அணைப்பு இல்லை. அந்த நிறுவனத்தின் 5.3, 6.2 எஞ்சின்களில் லிஃப்டர் (வால்வைத் தூக்கும் பாகம்) போவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அணைப்பு லிஃப்டரே இதில் இல்லை.

ராம் 6.4 ஹெமி: 410, 429. 2025 மாடலில் 405 என்று போடுகிறார்கள். எட்டு கியர். இதில் சிலிண்டர் அணைப்பு உண்டு. 16 ஸ்பார்க் பிளக். பழைய வண்டி பார்ப்பதானால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பானட் திறந்து, கேளுங்கள். டிக்டிக் சத்தம் வந்து எஞ்சின் சூடானதும் நின்றால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருக்கும். சூடான பிறகும் தொடர்ந்தால் லிஃப்டர் ரோலரும் கேம்ஷாஃப்டும் சந்தேகம். முதலாவது சில மணி நேர வேலை, இரண்டாவது சில ஆயிரம் டாலர்.

ஃபோர்டு, ஜிஎம் இரண்டுக்கும் 87 ஆக்டேன் பெட்ரோல். ராமுக்கு 89 போடச் சொல்லி இருக்கும்.

ஏழுமுள்_பிளக் | அக்டோபர் 4, மாலை 6.48

அரை டன்னில் இப்போதைக்குக் கை வைக்காமல் இருக்க இன்னொரு காரணம். ஜிஎம் 6.2 (எல்87) கிராங்க்ஷாஃப்ட், பேரிங் கோளாறுக்காக 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டி திரும்ப அழைக்கப்பட்டது. டொயோட்டா டண்ட்ரா 2022, 2023 மாடல்களிலும் எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கியதால் 2024-ல் ஓர் அழைப்பு. பழைய வண்டி வாங்கினால் விஐஎன் எண்ணை (வண்டியின் அடையாள எண்) என்எச்டிஎஸ்ஏ என்கிற அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பாலைவனக்கிளி | அக்டோபர் 5, காலை 8.20

சரி, அரை டன்னை விட்டுவிட்டேன். இப்போது எஃப்-250 7.3-ம் ஜிஎம் 2500 6.6-ம் நேருக்கு நேர். 29 குதிரைத்திறன் வித்தியாசம். ஃபோர்டுதானே ஏறும்?

மலைப்பாதை | அக்டோபர் 5, இரவு 9.15

29 குதிரைத்திறனை விடுங்கள், கியர்பெட்டியைப் பாருங்கள். 2020 முதல் 2023 வரை வந்த ஜிஎம் 6.6 பெட்ரோலுக்குப் பின்னால் ஆறு கியர் 6எல்90. அதன் விகிதங்கள் 4.03, 2.36, 1.53, 1.15, 0.85, 0.67. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள்.

3.73 ஆக்சில் விகிதம், 33 அங்குல டயர், 55 மைல் வேகம். மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,280 சுற்று. மலை ஏற அது போதவில்லை என்று இரண்டாவதுக்கு இறங்கினால் 5,060. நடுவில் எதுவுமே கிடையாது. 3,280-ல் மூச்சு வாங்கும், 5,060-ல் அலறும். ஏற்றம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கும்.

ஃபோர்டு பத்து கியரில் அதே இடத்தில் 2.13, 1.77, 1.52 என்று மூன்று படி இருக்கிறது. அதே ஆக்சில், டயர், வேகத்துக்கு 4,570, 3,800, 3,260. எந்த ஏற்றத்துக்கும் பொருத்தமான ஒரு கியர் கிடைத்துவிடும். 

2024 மாடல் முதல் ஜிஎம்மும் பெட்ரோலுக்குப் பத்து கியர் அலிசன் கியர்பெட்டி கொடுத்துவிட்டது. ஆகவே பழைய ஜிஎம் வாங்குவதானால் 2023-க்கும் 2024-க்கும் நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும், மலைக்குப் போகிறவருக்கு அந்தக் கோடு முக்கியம்.

ஃபோர்டில் 4.30 ஆக்சில் கிடைக்கும். 8,500 பவுண்டு டிராவல் டிரெய்லருக்குத் தேவையில்லை, 3.73 போதும். ஐந்தாம் சக்கர டிரெய்லர் (டிரக்கின் பின்தட்டுக்குள்ளேயே மாட்டுவது) பற்றிய எண்ணம் இருந்தால் 4.30.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 6, காலை 7.40

குதிரைத்திறன் எவ்வளவுதான் வேண்டும் என்று போட்டுப் பார்த்துவிடுவோம். டிரக், ஆட்கள், சாமான், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 16,500 பவுண்டு. 6 சதவீத ஏற்றம். 55 மைல்.

ஏற்றத்துக்கு 145 குதிரைத்திறன்.
டயர் உருள 29.
காற்றைத் தள்ள 64. எட்டடி அகலம் பத்தடி உயரம் உள்ள சுவர் ஒன்றை இழுத்துப்போகிறீர்கள், அதற்குக் கிட்டத்தட்ட இவ்வளவு.
சக்கரத்தில் 238. கியர்பெட்டி, ஆக்சில் இழப்பு 15 சதவீதம் சேர்த்தால் எஞ்சினில் 280.

அதே ஏற்றத்தை 65-ல் ஏற ஆசைப்பட்டால் 366. பத்து மைல் கூட்டியதற்கு 86 குதிரைத்திறன். இதில்தான் பெட்ரோல் டிரக் மோசம் என்ற பேச்சு பிறக்கிறது. 55-ல் ஏறினால் மூன்று எஞ்சினுமே போதும், 65-ல் ஏறுவேன் என்று அடம்பிடித்தால் மூன்றுமே கஷ்டப்படும்.

கடல் மட்டக் கணக்கு இது. உயரம் போனால் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி. மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஃபோர்டின் 430 அங்கே 288. ஜிஎம்மின் 401 அங்கே 269. அந்த ஏற்றம் 7 சதவீதம், அதனால் தேவை 308. இரண்டுமே 55-ஐப் பிடிக்காது.

மலைப்பாதை | அக்டோபர் 6, மதியம் 12.25

ஒரு திருத்தம், கணக்குப்பிள்ளை. எஞ்சினுக்குக் காற்று மெலிந்தால் டிரெய்லரின் முகத்துக்கும் மெலியும்தானே? 11,000 அடியில் காற்றடர்த்தி 0.71. உங்கள் 64 அங்கே 45 ஆகிவிடும். 7 சதவீதத்துக்கு 169, டயருக்கு 29, காற்றுக்கு 45. சக்கரத்தில் 243, எஞ்சினில் 286.

ஆக ஃபோர்டு 288-ஐ வைத்துக்கொண்டு நூலிழையில் 55-ஐப் பிடிக்கும், அதுவும் 5,500 சுற்றில் கத்திக்கொண்டு. ஜிஎம் 52-ல் நிற்கும். வித்தியாசம் 3 மைல். இதற்காக யாரும் பிராண்டு மாற்ற வேண்டியதில்லை.

டர்போ டீசலுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. அங்கே டீசல் ஜெயிக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சுரங்க ஏற்றம் சில்வர்தார்ன் பக்கத்திலிருந்து பத்து மைல்கூடக் கிடையாது.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 6, மதியம் 12.51

ஆமாம், 286-தான். மேலே உள்ள 308-ஐ அடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

மெக்கானிக்_மாமா | அக்டோபர் 6, இரவு 8.30

“5,500 சுற்றில் எஞ்சின் கெட்டுப்போகாதா” என்று தனிமடலில் ஒருவர் கேட்கிறார். கெடாது. உச்ச சக்தி அங்கே கிடைக்கும்படிதான் அந்த எஞ்சின் கட்டப்பட்டிருக்கிறது. கெடுக்கிறது வேறு: குறைந்த சுற்றில், ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு, உயர்ந்த கியரில் திணறவிடுவது. டோ/ஹால் (சுமை இழுக்கும்போது போடுவது) பொத்தானை அழுத்திவிட்டுக் கியர்பெட்டி கேட்கிற சுற்றைக் கொடுங்கள். பத்து கியரையும் நீங்களே மாற்ற முயலாதீர்கள்.

பார்க்க வேண்டியது கியர்பெட்டி எண்ணெயின் சூடு. 200 முதல் 220 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். 240 தாண்டி ஏறிக்கொண்டே போனால் 10 மைல் வேகத்தைக் குறையுங்கள், தானாக இறங்கும். ஓரம் கட்டவேண்டி வந்தால் உடனே அணைக்காமல் நியூட்ரலில் 1,200 சுற்றில் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

7.3-க்கு 8 குவார்ட் 5டபிள்யூ-30. இழுக்கிற வண்டிக்கு 5,000 மைலுக்கு ஒரு முறை மாற்றம். டேஷ்போர்டு 10,000 சொன்னாலும் கேட்காதீர்கள்.

பாலைவனக்கிளி | அக்டோபர் 7, காலை 6.55

டீசலுக்குக் கூடுதல் 10,000 டாலர் என்கிறார்கள். எரிபொருளில் திரும்ப வந்துவிடாதா?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 7, காலை 10.10

உங்கள் மைல்களையே போடுகிறேன். பெட்ரோல் கேலன் 3.20, டீசல் 3.80 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இழுத்து 5,000 மைல். பெட்ரோல் கேலனுக்கு 8.5 மைல்: 588 கேலன், 1,882 டாலர். டீசல் 11.5 மைல்: 435 கேலன், 1,652 டாலர். மிச்சம் 230.

வெறுமனே 6,000 மைல். பெட்ரோல் 14: 1,371 டாலர். டீசல் 17: 1,341. மிச்சம் 30.

ஆண்டுக்கு 260 டாலர். பத்தாயிரம் திரும்ப 38 ஆண்டு. டிஇஎஃப் (டீசல் புகையைச் சுத்தமாக்கும்) திரவம், இரண்டு எரிபொருள் வடிகட்டி, பெரிய எண்ணெய் மாற்றம் எல்லாம் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் மிச்சமே இருக்காது.

நியாயமாக இதையும் சொல்லவேண்டும்: விற்கும்போது டீசலுக்கு அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். எட்டு வருடத்தில் விற்கிறவருக்கு நஷ்டம் கொஞ்சம் குறையும். ஆனாலும் 5,000 மைலுக்கு டீசல் பணக்கணக்கில் நிற்காது.

மெக்கானிக்_மாமா | அக்டோபர் 7, மாலை 5.45

ஓய்வு பெற்றவருக்கு டீசலில் இன்னொரு வில்லங்கம். வாரத்துக்கு ரெண்டு தடவை மளிகைக்கடை, டாக்டர், கோயில், எல்லாம் நாலு மைல். எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். அது பாதியில் பாதியில் நின்றால் கரி சேரும், எச்சரிக்கை விளக்கு வரும், கடைசியில் டிரக் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று சிபி4 உயர் அழுத்த பம்ப். ஃபோர்டு 6.7-ல் இருக்கிறது, 2011-2016 ஜிஎம் டியூராமேக்ஸில் இருந்தது, 2019-2020 ராம் கம்மின்ஸில் போட்டுத் திரும்ப அழைத்தார்கள். அது உடைந்தால் உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும், முழு எரிபொருள் அமைப்பையும் மாற்றணும். எல்லோருக்கும் வராது. வந்தால் தாங்காது.

மலைப்பாதை | அக்டோபர் 8, இரவு 10.02

டீசல் உண்மையில் ஜெயிக்கிற இடம் இறக்கம். எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிப்பது. அதை யாரும் இங்கே சொல்லவில்லை.

16,500 பவுண்டு 6 சதவீத இறக்கத்தில் 45 மைல் வேகத்தில் போகும்போது புவியீர்ப்பு 119 குதிரைத்திறனில் பின்னாலிருந்து தள்ளும். டயரும் காற்றும் 60-ஐத் தின்னும். மீதி 60-ஐ எஞ்சினோ பிரேக்கோ ஏற்கணும். முழுக்கப் பிரேக்கிடம் விட்டால் அடிவாரம் வருவதற்குள் பிரேக் வெந்துவிடும்.

பெட்ரோலில் செய்யவேண்டியது: உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே, மேலே இருக்கும்போதே, வேகத்தை 45-க்குக் கொண்டுவாருங்கள். டோ/ஹால் போட்டிருந்தால் பிரேக்கை ஒரு தடவை தட்டினதும் கியர் இறங்கும். 4,000 முதல் 5,000 சுற்று வரை கத்தும், கத்தட்டும். அதுக்கும் மேலே போனால் அழுத்தமாகப் பிரேக் பிடித்து 5 முதல் 10 மைல் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். மறுபடி ஏறினால் மறுபடி பிடியுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே இறங்குவதுதான் ஆபத்து, பிரேக் ஆற நேரமே கிடைக்காது.

உங்கள் ஊரிலிருந்து ஐ-17-ல் பிளாக் கேன்யன் சிட்டியிலிருந்து சன்செட் பாயின்ட் ஏற்றம் நல்ல பயிற்சிக்களம். ஜூலையில் போகாதீர்கள்.

ஏழுமுள்_பிளக் | அக்டோபர் 9, காலை 7.15

இறக்கம் என்றதும் டிரெய்லர் பிரேக் நினைவுக்கு வரணும். புது டிரக்கில் பிரேக் கன்ட்ரோலர் உள்ளேயே வரும், ஆனால் அடிநிலை மாடல்களில் சிலதில் ஆப்ஷன். டாஷில் அந்த நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமைக்கும் முறை: சமதளமான காலி இடம். டிரெய்லர் பயணத்துக்குத் தயாரான எடையில். 25 மைல் வேகம். காலை எடுத்துவிட்டு நெம்புகோலை மட்டும் முழுசாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் கெயின் (டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் பலம்) அதிகம், அரை அரையாகக் குறையுங்கள். இழுவையே தெரியவில்லை என்றால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். முதலில் பிரேக்கைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டுச் செய்யணும், குளிர்ந்த பிரேக்கில் வைத்த எண் பிறகு பூட்டும். மழையிலும் சரளையிலும் ஒரு படி குறைப்பது நல்லது.

‘டிரெய்லர் இணைப்பு இல்லை’ என்று திரையில் வந்தால் பத்தில் எட்டு தடவை ஏழு முள் பிளக்கில் பச்சை பிடித்திருக்கும். கம்பித் தூரிகை, டைஎலக்ட்ரிக் கிரீஸ். என் பெயர்க்காரணம் இதுதான்.

பாலைவனக்கிளி | அக்டோபர் 11, மாலை 4.30

மனைவி ஐந்தாம் சக்கர டிரெய்லர் ஒன்றைப் பார்த்துவிட்டார். ஜிவிடபிள்யூஆர் 12,000. படுக்கையறை தனி மாடி, நின்றுகொண்டு உடை மாற்றலாம் என்கிறார். எஃப்-250 பெட்ரோலுக்கு ஆகுமா?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 11, மாலை 5.12

இழை தடம் மாறியாச்சு. போடுவோம்.

ஐந்தாம் சக்கரத்தில் டிரக்கின் மேல் உட்காரும் எடை 20 சதவீதத்துக்கு மேல் என்று வையுங்கள். 22 என்றால் 2,640. பின்தட்டில் மாட்டும் ஹிட்ச் 200. இருவர் 320. சில்லறை 150. மொத்தம் 3,310.

10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் உள்ள எஃப்-250 டீசல், நாலு கதவு, நாலு சக்கர இழுவை: ஸ்டிக்கரில் 2,000 முதல் 2,500. ஆகாது. அதே வண்டி பெட்ரோலில்: 2,700 முதல் 3,300. டீசல் எஞ்சினின் எடை குறைந்ததால் இந்தக் கூடுதல். ஆனாலும் ஆகாது. எஃப்-350, பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம், பெட்ரோல்: 4,000 பக்கம். ஆகும்.

வேடிக்கை என்னவென்றால் 250-க்கும் 350-க்கும் எஞ்சின், கேபின், பெரும்பாலும் எல்லாமே ஒன்று. ஸ்பிரிங்கும் ஸ்டிக்கரும்தான் மாறுகிறது, விலை வித்தியாசமும் சின்னது. சந்தேகத்தில் இருக்கிறவர் 350 வாங்கிவிடுவது உத்தமம். எடைக்கு ஏற்பப் பதிவுக் கட்டணம் வாங்கும் மாநிலத்தில் மட்டும் ஒரு தடவை யோசியுங்கள்.

மலைப்பாதை | அக்டோபர் 11, இரவு 9.40

ராம் பார்க்கிறவர்களுக்கும் இதே கதை. 2500-க்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங், 3500-க்கு இலை ஸ்பிரிங். 2500 வெறும் வண்டியாக ஓட்ட மெத்தென்று இருக்கும், ஐந்தாம் சக்கரம் ஏற்றினால் உட்கார்ந்துவிடும்.

பின்தட்டு நீளமும் பாருங்கள். 8 அடி என்றால் கவலையில்லை. 6½ அடி என்றால் கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபின் பின்கண்ணாடியில் மோதலாம். பின்னால் நகரும் ஹிட்ச் வேண்டும், இல்லை டிரெய்லரின் மூக்கில் திரும்பும் கிங்பின் பெட்டி. 5½ அடியை மறந்துவிடுங்கள்.

உரிமமும் உண்டு. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிராவல் டிரெய்லர், 15,000-க்கு மேற்பட்ட ஐந்தாம் சக்கரம் என்றால் வணிகமல்லாத ஏ வகுப்பு உரிமம். 10,001 முதல் 15,000 வரை ஐந்தாம் சக்கரத்துக்கு சி உரிமத்தில் தனி ஒப்புதல். அந்த மாநிலத்துக்குள் எந்த மாநிலத்து வண்டி டிரெய்லர் இழுத்தாலும் 55 மைல்தான் உச்சவரம்பு.

பாலைவனக்கிளி | அக்டோபர் 12, காலை 7.05

பேச்சுவார்த்தை நடந்தது. 8,500 டிராவல் டிரெய்லரே. டிரக் மட்டும் எஃப்-350 7.3, 3.73 ஆக்சில். வாங்கிய பிறகு எடை சரியா என்று எப்படிச் சோதிப்பது?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 12, காலை 9.30

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்கிற எடைமேடை இருக்கும். கைபேசியில் ‘வே மை டிரக்’ செயலி போட்டால் கீழே இறங்கிக் கத்த வேண்டாம். முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் மூன்றாவதில்.

மூன்று தடவை நிறுக்கவேண்டும். பகிர்வுக் கம்பி மாட்டி ஒன்று, கம்பியைக் கழற்றி ஒன்று, டிரெய்லரைக் கழற்றி விட்டு டிரக் மட்டும் ஒன்று. கம்பி இல்லாதபோது டிரக்கின் இரண்டு அச்சுகளின் கூட்டலிலிருந்து வெறும் டிரக்கின் எடையைக் கழித்தால் உண்மையான கொக்கி எடை. கம்பி மாட்டிய சீட்டை வைத்துக் கழித்தால் குறைவாகக் காட்டும், ஏனென்றால் கொஞ்சம் எடை டிரெய்லர் அச்சுக்கே திரும்பிப் போயிருக்கும்.

முன் அச்சைப் பாருங்கள். கம்பி இல்லாமல் முன் அச்சு 300 பவுண்டு லேசானது என்றால், கம்பி மாட்டியதும் குறைந்தது 150 திரும்ப வரவேண்டும். வரவில்லையென்றால் சங்கிலியில் ஒரு கண்ணி இறுக்குங்கள், இல்லை ஹிட்ச் தலையை ஒரு துளை சாய்க்கணும். ஸ்கேல் கிடைக்காத நாளில் முன் மட்கார்டு உயரத்தை டேப்பால் அளந்தும் இதே பாதி விதியைப் பயன்படுத்தலாம்.

கொக்கி எடை 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் டிரெய்லர் வாலாட்டும். சாமான்களை முன்னுக்கு நகர்த்துங்கள். பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டுகிறவர்கள் கவனிக்கணும்.

ஏழுமுள்_பிளக் | அக்டோபர் 12, மதியம் 1.20

டிரக்கைப் பற்றி ஒரு வாரமாகப் பேசுகிறோம், வழியில் வெடிப்பது டிரெய்லர் டயர். அந்த அளவு டிரெய்லரில் எஸ்டி225/75ஆர்15 டயர்தான் வழக்கம். சி ரகம் ஒன்றுக்கு 2,150 பவுண்டு, 50 பிஎஸ்ஐ. டி ரகம் 2,540, 65 பிஎஸ்ஐ. ஈ ரகம் 2,830, 80 பிஎஸ்ஐ. உங்கள் அச்சில் 7,400 உட்காரும். சி நான்கு சேர்ந்து 8,600, கணக்குக்குத் தேறும், ஆனால் ஒரு பக்கம் அலமாரி, ஃபிரிட்ஜ் என்று சாய்ந்தால் தேறாது. டி குறைந்தபட்சம். ஈ போடுவதற்கு முன் சக்கர விளிம்பு 80 பிஎஸ்ஐ தாங்குமா என்று பின்பக்க முத்திரையைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும். ஐந்து, ஆறு வருடம் ஆன டயர் புதுசு மாதிரித் தெரிந்தாலும் மாற்றிவிடணும்.

சக்கர நட்டு: ½ அங்குல ஸ்டட் என்றால் 90 முதல் 120 அடி-பவுண்டு. கழற்றி மாட்டினால் 10, 25, 50 மைலில் திரும்ப முறுக்கிப் பாருங்கள். பேரிங் கிரீஸ் ஆண்டுக்கு ஒரு முறை, இல்லையேல் 12,000 மைல்.

மெக்கானிக்_மாமா | அக்டோபர் 19, மாலை 6.15

கொலராடோ போகிறேன் என்றதால். அங்கே பல பெட்ரோல் பங்குகளில் ‘ரெகுலர்’ என்று 85 ஆக்டேன் ஊற்றுவார்கள். வேண்டாம். கையேட்டில் 87-க்குக் குறையாமல் என்றுதான் இருக்கிறது. சுமையோடு வெயிலில் ஏறும்போது 85 ஊற்றினால் எஞ்சின் தட்டும், கணினி இக்னிஷனைப் பின்தள்ளும், ஏற்கெனவே மெலிந்திருக்கும் சக்தி இன்னும் குறையும். நடு பட்டனை அழுத்துங்கள்.

தொட்டி 34 கேலன். இழுக்கும்போது 8 மைல் என்றால் 272, கால்வாசியை மிச்சம் வைத்தால் 200 மைலுக்கு ஒரு தடவை நிறுத்தம். யூட்டாவில் ஐ-70-ல் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை 100 மைலுக்கு மேல் பங்கே கிடையாது. கிரீன் ரிவரில் நிரப்பாமல் மேற்கே நகராதீர்கள். 

பாலைவனக்கிளி | நவம்பர் 2, காலை 8.45

ஸ்டிக்கர் படம் வந்தது: 3,980. கையெழுத்துப் போடுமுன் ஒரே கேள்வி. கராஜ் உள்நீளம் 21 அடி, கதவு உயரம் 7 அடி.

மலைப்பாதை | நவம்பர் 2, காலை 9.03

நாலு கதவு, 6¾ அடி தட்டு என்றால் வண்டி நீளம் 250 அங்குலம், அதாவது 20 அடி 10 அங்குலம். ஹிட்சின் பந்துமவுண்டைக் கழற்றினால்தான் கதவு மூடும், முன்னால் சுவரில் அலமாரி இருந்தால் அதுவும் நடக்காது. உயரம் 7 அடிக்குள் வரும், கூரையில் எதுவும் மாட்டாதவரை. 8 அடி தட்டு என்றால் வெளியேதான்.

படிக்கட்டு வாங்கினீர்களா? நாலு சக்கர இழுவை வண்டியில் ஏற முட்டி நன்றாக வேலை செய்யணும். 3,980-ல் ஓரப்படிக்கு இடமிருக்கிறது.